வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே – 14: யாழ் வழங்கிய நிலம்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையிட, மேற்கே பச்சைமலை சரிந்து இறங்க, நடுவில் கிடக்கும் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கோயில்களையும் போர்களையும் பாளையங்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தமிழிசையின் மிகப் பழைய நரம்புக் கருவியாகிய யாழின் வரலாற்றிலும் இந்த நிலப்பகுதிக்கும் அதன் ஓரத்து ஊர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. யாழை வாசித்துப் புகழ்பெற்ற கடைசிப் பெருங்கலைஞரின் ஊர் அரியலூர் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையை அடுத்து இருக்கிறது. யாழ் வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில் சோழரின் தலைநகராக விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இம்மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. யாழைப் பற்றிய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அறிஞர் தம் இளமைத் தமிழை இவ்வட்டாரத்தின் ஊர்களில்தான் கற்றார். இந்த மூன்று செய்திகளையும் ஒரே தொடராக வைத்துப் பார்க்கும் முயற்சியே இப்பகுதி.

யாழ் எத்தகைய கருவி என்பதை முதலில் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் யாழையும் வீணையையும் ஒன்றாகவே எண்ணும் வழக்கம் பலநூறு ஆண்டுகளாக நிலவுகிறது. நரம்பைத் தெறித்து இசைக்கும் கருவிகளை, சுரம் பிறக்கும் முறையைக் கொண்டு இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதல் குடும்பத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு உண்டு. நரம்பின் நீளமும் இழுவிசையுமே அதன் சுரத்தை முடிவு செய்வதால், வாசிப்பவர் வேண்டிய சுரத்துக்குரிய நரம்பைத் தேடித் தெறித்தால் போதும். யாழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது குடும்பத்தில் நரம்புகள் சில மட்டுமே இருக்கும். அவை நீண்ட தண்டியின் மேல் ஓட, ஒரு கையின் விரல்கள் நரம்பைத் தண்டியோடு அழுத்தி அதன் நீளத்தைக் குறைத்தும் கூட்டியும் சுரங்களைப் பிறப்பிக்க, மற்றக் கை தெறிக்கும்.

இரண்டாவது குடும்பத்தின் மிக எளிய வடிவத்தைக் காண விரும்புவோர் மத்திய ஆசியாவின் கசக்கஸ்தானில் இன்றும் வீடுதோறும் வழங்கும் தோம்பிரா என்னும் கருவியைப் பார்க்கலாம். பேரிக்காய் வடிவிலோ முக்கோண வடிவிலோ குடைந்தெடுத்த மரக்குடம், அதன் முகத்தை மூடும் மெல்லிய மரப்பலகை, நீண்டு மெலிந்த தண்டி, தண்டியைச் சுற்றிக் கட்டிய நரம்பு மெட்டுகள், இரண்டே தந்திகள் என்பதோடு அதன் கட்டமைப்பு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு தந்திகளும் பெரும்பாலும் சட்சம–மத்திமமாகவோ சட்சம–பஞ்சமமாகவோ சுருதி கூட்டப்படும். அதில் வாசிக்கப்படும், பாட்டுச் சொற்கள் இல்லாத தனி இசையாக்கத்துக்குக் குய் என்று பெயர். கசக்கஸ்தானின் மேற்குப் பகுதியில் மணிக்கட்டை முழுதும் வீசி இரு தந்திகளையும் சேர்த்து அடிக்கும் தோக்பே பாணியும், கிழக்கிலும் நடுப்பகுதியிலும் விரல் நுனியால் மென்மையாகத் தெறிக்கும் ஷெர்த்பே பாணியும் வழங்குகின்றன. மேற்குப் பாணியின் தலைசிறந்த கலைஞரும் இசையமைப்பாளருமான குர்மங்காசி 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பெயரைத் தாங்கிய நாட்டுப்புற இசைக்குழு 1934இல் நிறுவப்பட்டது. தோம்பிராவில் குய் வாசிக்கும் கலையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தண்டியில் விரல் ஏறியும் இறங்கியும் செல்லும் இக்கருவியின் வாசிப்பை மனத்தில் இருத்திக்கொண்டால், யாழ் அதனின்றும் எவ்வளவு வேறுபட்டது என்பது விளங்கும்.

யாழின் உறுப்புகளைப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் வரிசையாகச் சொல்கின்றன. அவற்றுள் முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையின் தொடக்கம், ஒரு கைவினைஞரின் பட்டறையில் நின்று எழுதியது போல நுணுக்கமானது. ஒலியைப் பெருக்கும் மரக்குடமாகிய பத்தர், மானின் குளம்பு பதிந்த தடம் போல நடுவில் மேடிட்டு இருபுறமும் சரிந்திருக்கிறது. அதை மூடிக் கட்டிய தோலாகிய பச்சைக்கு விளக்குச் சுடரின் நிறம். தோலின் இரு பக்கங்களையும் இணைத்த தையல், இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர் ஒழுங்கு போலத் தோன்றுகிறது. துளைகளை அடைத்து முடுக்கிய ஆணிகள் வளைக்குள் வாழும் நண்டின் கண்களை ஒத்திருக்கின்றன. தோலின் நடுவே விட்ட திறப்பாகிய வறுவாய் எட்டாம் நாள் பிறை வடிவில், உள்நாக்கு இல்லாத வாய் போல இருக்கிறது. பத்தரிலிருந்து எழும் வளைந்த கோடாகிய மருப்பு, பாம்பு தலையெடுத்தது போல் உயர்ந்து நிற்கிறது. நரம்புகளை மருப்போடு பிணிக்கும் வார்க்கட்டுகளாகிய திவவுகள் கரிய பெண்ணின் முன்கையில் நெருங்க அடுக்கிய வளைகளை ஒத்திருக்க, நரம்புகளோ குற்றிய தினையரிசி போல முறுக்குக் குற்றம் நீங்கிச் சீராக இருக்கின்றன. உவமைகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த விவரணையைக் கொண்டு ஒரு தச்சர் கருவியைச் செய்துவிட முடியும் என்னும் அளவுக்கு அது முழுமையானது.

இந்த விவரணை வெறும் கவிக் கற்பனை அன்று என்பதற்கு மியான்மரில் இன்றும் வாசிக்கப்படும் சவுங் கவுக் என்னும் வில்யாழ் சான்று. படகு போன்ற பத்தர், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், வளைந்தெழும் கோடு, கோட்டைச் சுற்றி இறுக்கிய கயிற்றுக்கட்டுகள் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அக்கட்டுகளை மேலும் கீழும் நகர்த்திச் சுருதி கூட்டுவதே அதன் பழைய முறை. பார்குத், அமராவதிச் சிற்பங்களிலும், குப்தப் பேரரசர் சமுத்திரகுப்தர் கருவி மீட்டி அமர்ந்திருக்கும் பொற்காசிலும் காணப்படுவது இதே வளைந்த கருவிதான். இந்தியா முழுதும் வழங்கிய வில்யாழ் தன் சொந்த நிலத்தில் ஏறத்தாழ மறைந்துபோய், கடல்கடந்த அண்டை நாட்டில் நிலைத்திருக்கிறது.

கருவிக்கு ஏற்ற மரத்தைத் தேர்வதில் பழந்தமிழர் காட்டிய கவனத்தை உரையாசிரியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். கோட்டுக்கு வயிரம் பாய்ந்த கொன்றையும் கருங்காலியும், பத்தருக்கு மென்மையும் எடைக்குறைவும் உடைய குமிழ், முருக்கு, தணக்கு ஆகியனவும் உரியவை. இழுவிசையைத் தாங்க வேண்டிய உறுப்புக்குக் கடிய மரமும், அதிர்ந்து ஒலி பெருக்க வேண்டிய உறுப்புக்கு இலேசான மரமும் என்ற இப்பகுப்பு இன்றைய ஒலியியலுக்கும் உடன்பாடானது. நீரில் நின்ற மரம், அழுகிய மரம், தீயில் வெந்த மரம், இடி விழுந்த மரம் ஆகியவற்றை விலக்க வேண்டும் என்பதும், அத்தகைய மரத்தில் செய்த யாழில் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்னும் நான்கு குற்றங்கள் தோன்றும் என்பதும் அவர்கள் கூற்று. சுருதியோடு இசையாமல் விலகி நிற்பது செம்பகை. அளவுக்கு மீறி ஒலிப்பது ஆர்ப்பு. ஒலி மழுங்கி உள்ளடங்குவது கூடம். தெறித்த நரம்பு நிலைகொள்ளாமல் நடுங்குவது அதிர்வு. நரம்புக்கும் தனிக் குற்றங்கள் உண்டு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு அமரும் சீவகன், தன்னிடம் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகப் புறந்தள்ளிவிட்டு, ஒரு நரம்பின் முறுக்குக்குள் மயிர் இருப்பதையும் பிரித்துக் காட்டும் காட்சி, இந்தத் தொழில்நுட்ப அறிவு காப்பியம் படிப்போருக்கும் பரிச்சயமாக இருந்ததைக் காட்டுகிறது.

நரம்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு யாழை வகைப்படுத்தும் உரைமரபு, 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என நான்கைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் மாதவி வாசித்தது 14 நரம்பு யாழ். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழிசையின் ஏழு சுரங்கள். இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி என்பவற்றுக்கு அவை முறையே இணை. இந்த ஏழையும் நரம்பில் நிறுத்துவதற்கு ஐந்தாம் சுரத்தைக் கேட்டறிந்து சுருதி கூட்டும் முறையே கையாளப்பட்டது: தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை என, ஒவ்வொரு சுரமும் தனக்கு முந்திய சுரத்தின் பஞ்சமமாகப் பிறக்கும். காதுக்கு மிக எளிதில் பிடிபடும் இணக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு, வேறு கருவியின் துணையின்றி ஏழு சுரங்களையும் நிறுத்திவிடலாம் என்பது இம்முறையின் சிறப்பு.

யாழின் உண்மையான ஆற்றல் இதற்கு அடுத்த படியில்தான் வெளிப்படுகிறது. இவ்வாறு சுருதி கூட்டிய நரம்புகளில் எதையும் தளர்த்தாமலும் இறுக்காமலும், தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் ஏழு வெவ்வேறு பாலைகள், அதாவது ஏழு அடிப்படைச் சுர அடுக்குகள், கிடைக்கும். குரல் நரம்பை முதலாகக் கொண்டால் செம்பாலை. இது இன்றைய அரிகாம்போதி. துத்தத்தை முதலாகக் கொண்டால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. உழையிலிருந்து அரும்பாலையாகிய சங்கராபரணமும், இளியிலிருந்து கோடிப்பாலையாகிய கரகரப்பிரியாவும், விளரியிலிருந்து விளரிப்பாலையாகிய தோடியும், தாரத்திலிருந்து மேற்செம்பாலையாகிய கல்யாணியும் பிறக்கின்றன. கைக்கிளையிலிருந்து பிறக்கும் செவ்வழிப்பாலை மட்டும், நேரிய பஞ்சமம் அமையாமையால், இன்றைய மேளங்களுள் இடம்பெறவில்லை. பண்ணுப்பெயர்த்தல் என்ற இந்த முறை, ஒரே கருவியில் ஒரே சுருதிக்கட்டில் இசையின் நிறத்தை நொடியில் மாற்ற உதவியது. தமிழிசையின் இலக்கணம் முழுதும் யாழின் நரம்பு வரிசையைக் கண்முன் கொண்டு எழுந்தது என்று சொல்வது மிகையாகாது.

வாசிப்பின் படிகளையும் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்துகிறது. வேனிற்காதையில் மாதவி வலக்கையைப் பதாகையாக, அதாவது விரல்கள் நீட்டிய நிலையில், கோட்டின் மேல் சேர்த்து, இடக்கையின் நான்கு விரல்களால் நரம்பை வீக்கும் உறுப்பாகிய மாடகத்தைப் பற்றிச் சுருதி கூட்டுகிறாள். கானல்வரியில் யாழைக் கோவலன் கையில் நீட்டுவதற்கு முன் மாதவி சரிபார்த்து வாசிக்கும் வாசிப்பில் எண்வகைக் கலைத்தொழிலும் எண்வகை இசைக்கரணமும் குறிக்கப்படுகின்றன. கலைத்தொழில் என்பது வாசிப்பு வளரும் ஒழுங்கு. எடுத்துக்கொண்ட பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அமைத்துக்கொள்வது பண்ணல். அமைத்த நரம்புகளின் மேல் விரலை ஓட்டிச் சரிபார்ப்பது பரிவட்டணை. ஏறுநிரலிலும் இறங்குநிரலிலும் சுரங்களைச் சோதிப்பது ஆராய்தல். பண்ணின் சாயல் தோன்றும்படி மென்மையாகத் தடவுவது தைவரல். அதன்பின் பண்ணின் வழியே நடப்பது செலவு. விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்னும் எஞ்சிய மூன்றும் தாளத்தோடும் விரைவோடும் கூடிய நிலைகள். இன்றைய கச்சேரியில் சுருதி சேர்த்து, இராகத்தைக் கோடிட்டு, ஆலாபனையாக விரித்து, பின் தாளத்துக்குள் புகும் ஒழுங்கோடு இது நெருங்கிய ஒப்புமை உடையது.

வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்பன எட்டு இசைக்கரணங்கள். இவை விரல்களின் தொழில். இவற்றுள் முதல் நான்கும் அதே வரிசையில் பொருநராற்றுப்படையிலும் வருகின்றன என்பது மிகவும் கருதத்தக்கது. ஏனெனில் பாணரும் பொருநரும் அலைந்து திரிந்து வாசித்த காலத்திலிருந்து புகாரின் செல்வர் கையில் யாழ் தவழ்ந்த காலம் வரை இந்தக் கலைச்சொற்கள் மாறாமல் வந்திருக்கின்றன. நச்சினார்க்கினியர் அவற்றை முறையே நரம்புகளைக் கூடத் தழுவுதல், உருவுதல், தெறித்தல், ஒன்றை விட்டு ஒன்றைத் தெறித்தல் என்று விளக்குகிறார். கானல்வரிக்கு அடியார்க்குநல்லாரின் விரிந்த உரை கிடைக்கவில்லை. பழைய அரும்பதவுரை ஒன்றே கிடைக்கிறது. வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பின் அகமும் புறமும் ஆராய்வது என்றும் அந்த உரைமரபு தரும் விளக்கங்கள் சுருக்கமானவை. ஆயினும் எந்த விரல் எதைச் செய்தது என்ற அளவுக்கு அவை திட்டவட்டமானவை. தோம்பிராவின் இருவகைப் பாணிகளைக் கசக்கியர் கையசைவைக் கொண்டே பிரிப்பது போல, யாழ் இசைஞர்களும் ஒலியை விரலின் தொழிலாகவே எண்ணினர்.

இத்தகைய மரபில் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், நடுநாட்டின் திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் குடியில் பிறந்தவர். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில், இன்று இராஜேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊரே அது. கடலூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்தாலும் அரியலூர் மாவட்ட எல்லையை அடுத்தது. வெள்ளெருக்கைத் தலமரமாகக் கொண்ட அவ்வூர்க் கோயிலுக்குச் சம்பந்தரின் பதிகம் உண்டு. யாழ்ப்பாணரின் வாழ்வைச் சொல்லும் சேக்கிழாரின் பெரியபுராணம், கருவியைப் பற்றிய ஒரு செய்தியையும் போகிற போக்கில் காத்துவைத்திருக்கிறது. மதுரைக் கோயிலில் யாழ்ப்பாணர் தரையில் அமர்ந்து வாசித்தபோது, தரையின் ஈரம் தாக்கினால் நரம்பு தளர்ந்து சுருதி குலையும் என்று இறைவன் அருள, அவருக்குப் பொற்பலகை இடப்பட்டது என்கிறது புராணம். விலங்கின் குடலிலிருந்து செய்த நரம்பு ஈரத்தில் தளரும் என்பது இன்றும் அத்தகைய நரம்பைக் கையாளும் கலைஞர் அனைவரும் அறிந்த உண்மை. தெய்வ அருளின் கதைக்குள் சேக்கிழார் பொதிந்து வைத்திருப்பது கைப்பழக்கத்தால் வந்த அறிவு.

சீகாழியில் சம்பந்தரைச் சேர்ந்த யாழ்ப்பாணர், தம் மனைவி மதங்கசூளாமணியாருடன் அவர் சென்ற தலங்கள்தோறும் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்தார். அந்தப் பயணத்தில் சாத்தமங்கையில் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. அவ்வூர் வேதியரான திருநீலநக்கர், சம்பந்தரின் சொற்படி பாணருக்கும் அவர் மனைவிக்கும் தம் வீட்டின் வேள்விக் குண்டத்தருகே படுக்க இடம் தந்தார் என்றும், அப்போது வேள்வித்தீ முன்னிலும் ஓங்கி வலம் சுழித்தது என்றும் சேக்கிழார் பாடுகிறார். அற்புதமாகச் சொல்ல வேண்டிய தேவை ஏற்பட்டதே, பாணர் குடி அன்று எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகிறது. சங்ககாலத்தில் மன்னரின் அவையில் பொற்றாமரை பெற்ற குடி, சில நூற்றாண்டுகளுக்குள் வீட்டுக்குள் படுக்கவே அற்புதம் வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. யாழின் மறைவைப் பற்றிப் பேசும்போது இந்த வீழ்ச்சியை ஒதுக்கிவிட முடியாது.

காரைக்காலை அடுத்த திருத்தருமபுரம் யாழ்ப்பாணருடைய தாய்வழிச் சுற்றத்தாரின் ஊர். சம்பந்தர் பதிகத்தின் புகழ் யாழ்ப்பாணரின் வாசிப்பால் பரவியது என்று அங்கே உறவினர் கூற, அதைக் கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் கேட்டுக்கொண்டார். சம்பந்தர் அவ்வாறே பாட, பாணரின் விரல்கள் அதைப் பின்தொடர முடியாமல் திகைத்தன; கருவியை உடைக்க ஓங்கிய அவரைச் சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்குமாறு பணித்தார். யாழ்மூரி என வழங்கும் அப்பதிகத்தை இன்று ஓதுவார்கள் அடாணாவில் பாடுகின்றனர்.

இந்த நிகழ்ச்சியைப் பக்தியின் பெருமையாக மட்டும் படித்து நிறுத்திவிடுவது போதாது. தனி நரம்புக்குத் தனிச் சுரம் என்ற அமைப்பில், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்வதும், ஒரு சுரத்தையே அசைத்து அலைப்பதும் மிகக் கடினம். வளைந்த கோட்டில் தண்டியும் மெட்டும் இல்லாததால் நரம்பை அழுத்தி இழுத்து நிற்பதற்கு இடமே இல்லை. மிடற்றிசையோ, பாட்டின் சொல்லையும் உணர்வையும் தொடர்ந்து, கமகம் என இன்று அழைக்கப்படும் அசைவுகளை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. எனவே தருமபுரத்து நிகழ்ச்சியை, பாட்டு வளர்ந்த திசையில் கருவியால் உடன்வர இயலாமற்போனதன் நினைவாகக் கொள்வதே பொருத்தம். பண்ணுப்பெயர்த்தலில் யாழுக்கு ஒப்பற்ற எளிமையைத் தந்த அதே அமைப்புதான் இங்கே அதன் எல்லையாகவும் ஆனது.

தண்டியும் மெட்டும் உடைய வீணை அந்த எல்லையைத் தாண்டியது. மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. தேவாரத்தில் யாழும் வீணையும் இரண்டும் பேசப்படுகின்றன. மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி வீணை வாசிப்போரையும் யாழ் வாசிப்போரையும் தனித்தனியே சுட்டி அருகருகே நிறுத்துகிறது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு, நரம்புக் கருவியில் வாசிப்பதற்கான சுரக்கோவைகளைப் பாறையில் பொறித்திருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால் உள்ள லால்குடி சப்தரிஷீசுவரர் கோயிலின் வீணாதரர், முற்காலச் சோழர் சிற்பக்கலையில் சிவபெருமானின் கைக்கு வீணை வந்து சேர்ந்துவிட்டதைக் காட்டுகிறார்.

சோழப் பேரரசின் உச்சகாலத்து ஆவணங்களில் யாழின் இடம் மேலும் சுருங்குகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் 3 குறுணி நெல் வழங்க ஏற்பாடு செய்தான். யாழோடு பிறந்து யாழோடு ஊர் ஊராகச் சென்ற பதிகங்கள், பேரரசின் தலையாய கோயிலில் தோற்கருவிகளின் துணையோடு மட்டுமே பாடப்பட்டன. அவன் மகன் முதலாம் இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலில், வடக்கு வாயிலை அடுத்து அமைந்த ஞானசரசுவதியின் கைகளில் அக்கமாலையும் சுவடியும் உண்டு. வீணையோ யாழோ இல்லை. கல்விக்குரிய தெய்வத்தின் கையில் நரம்புக் கருவி இன்றியமையாதது என்ற இன்றைய எண்ணத்துடன் அச்சிற்பத்தின் முன் நிற்போர் அதைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி. தேவார ஏடுகளைத் தில்லையில் மீட்ட சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் பதிகங்களுக்குரிய பண்கள் அறியப்படாமல் தயங்கியபோது, எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் அவை உள்ளன என்று தெரியவர, அவரை வரவழைத்துப் பண்களை வகுத்தனர் என்கிறது அந்நூல். பண்ணைக் காத்தது யாழ்ப்பாணரின் குடி. ஆனால் அது அப்பெண்ணின் மிடற்றில் இருந்ததாகவே கதை சொல்கிறது, யாழில் இருந்ததாகச் சொல்லவில்லை. சேக்கிழார் பெரியபுராணம் பாடிய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், கங்கைகொண்ட சோழபுரமே தலைநகராகத் தொடர்ந்த 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், யாழ் பெரும்பாலும் நூல்களில் வாழும் கருவியாகிவிட்டிருந்தது எனக் கொள்ளலாம். பின்னர் 17ஆம் நூற்றாண்டில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த வீணை உருப்பெற்றது. பலாமரத்தில் குடைந்து தேன்மெழுகில் மெட்டுப் பதிக்கும் அந்தத் தஞ்சாவூர் வீணை, கமகத்துக்கு முழு இடம் தரும் கருவியாக இன்றுவரை நிலைபெற்றிருக்கிறது.

கருவி மறைவது தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கசக்கஸ்தானை ஒட்டிய அல்தாய் மலையின் பசிரிக் புதைமேடுகளில், கிறித்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து, தோல் போர்த்திய மரயாழ் உறைபனியில் கெடாமல் கிடைத்தது. தண்டிக் கருவியாகிய தோம்பிராவைத் தம் அடையாளமாகக் கொண்ட புல்வெளியிலும் யாழ் வகை முன்பு வழங்கி மறைந்திருக்கிறது. ஆட்டின் கணுக்கால் எலும்புகளைக் குதிரைகளாக வைத்து ஏழு தந்திகளைத் தாங்கும் ஜெட்டிகென் என்னும் அவர்களுடைய கருவி வழக்கொழிந்த நிலையில், இசையறிஞர் பொலாட் சாரிபாயெவ் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகத் திரிந்து பழைய கருவிகளைத் திரட்டி அவற்றை மீண்டும் செய்வித்தார். தோம்பிராவோ அழியவே இல்லை. குதிரையின் மேல் எடுத்துச் செல்லும் எடை, எவர் வீட்டிலும் செய்துகொள்ளும் எளிமை, தனிக் குடியின் தொழிலாக ஒதுக்கப்படாமல் எல்லாருக்கும் உரியதாக இருந்த நிலை ஆகியவை அதைக் காத்தன. யாழுக்கு இந்தக் கடைசிப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. பாணர் குடி தாழ்ந்தபோது யாழும் ஆதரவற்றுப் போயிற்று.

யாழைப் பற்றிய அறிவு திரும்பக் கிடைத்தது ஏடுகளின் வழியாகத்தான். அதில் தலையாய பணி உ.வே. சாமிநாதையருடையது. அவர் தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர்; இராமாயணக் கதை சொல்லிப் பிழைக்கும் பொருட்டு அக்குடும்பம் இவ்வட்டாரத்து ஊர்களில் மாறி மாறித் தங்கியது. அரியலூரில் சடகோபையங்காரும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் சிறுவன் சாமிநாதனுக்குத் தமிழ் கற்பித்தனர். அந்த அடித்தளத்தின் மேல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று உயர்ந்த அவர், 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தை உரைகளோடும் பதிப்பித்தார். யாழின் உறுப்பும் மரமும் நரம்பும் விரல்தொழிலும் பேசும் மூன்று பெரும் ஆதாரங்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் அச்சேறின. இவ்வூர்களின் திண்ணை ஆசிரியர்களுக்குத் தமிழிசை வரலாறு பட்டிருக்கும் கடன் இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை.

அந்தப் பதிப்புகளை நம்பியே அடுத்த தலைமுறை இசையாராய்ச்சி எழுந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் பாலைகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்தது. ஈழத்தின் காரைதீவில் 1892இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகள், ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, உரைகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளையும் சிற்பங்களையும் ஒலியியல் கணக்குகளையும் இணைத்து யாழ் நூலை எழுதினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் வரைந்தளித்த அளவுகளின்படி செய்த யாழ்களும் அந்த அரங்கேற்றத்தில் இசைக்கப்பட்டன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

எருக்கத்தம்புலியூர்க் கோயிலில் யாழ்ப்பாணருக்கும் மதங்கசூளாமணியாருக்கும் உருவங்கள் உண்டு. திருநல்லூர்ப்பெருமணத்தில் சம்பந்தரோடு அவர் சோதியில் கலந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் வைகாசி மூல நாளே அவருடைய குருபூசை நாள். உ.வே.சா.வின் குடும்பத்தை இவ்வட்டாரத்தோடு பிணைத்த உடையார்பாளையம் சமஸ்தானத்தின் இசைவாழ்வும், அங்கே கனம் கிருஷ்ணையர் பெற்ற இடமும் அடுத்த பகுதியில் விரித்துரைக்கப்படும்.